தெருநாய்கள் வகையறா

அடிபட்ட தெருநாய்களுக்காகப் பணம் திரட்ட நடத்திய முதல் நிகழ்ச்சியில் எங்களுக்கு மிஞ்சியது 2,550 ரூபாய். வரவு 41,300, செலவு 38,750. மூன்று மாதம் அலைந்து, கல்யாண மண்டபம் பிடித்து, மெல்லிசைக் குழுவுக்கு அட்வான்ஸ் கொடுத்து, மேடைக்குப் பின்னால் இருபதடி ஃபிளெக்ஸில் கால் ஒடிந்த நாய்க்குட்டி ஒன்றின் படத்தைப் போட்டு, 2022 டிசம்பரில் தஞ்சாவூரில் நடத்திய இசை நிகழ்ச்சி அது. மழை வேறு. பாடிக்கொண்டிருந்த பையன், பாவம், பின்னால் திரும்பிப் பார்த்தால் நாய்க்குட்டி, முன்னால் பார்த்தால் காலி நாற்காலி. வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள், சில பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள், அப்புறம் உண்டியலைத் தாண்டிப் போய் வண்டியை எடுத்தார்கள்.

நான் காப்பீட்டு முகவர். பதினாறு வருடமாக அடுத்தவரிடம் பணம் கேட்பதுதான் பிழைப்பு. அந்தத் தைரியத்தில்தான் இதில் இறங்கினேன். வல்லம் பக்கத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தன் சொந்த நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு அடிபட்ட தெருநாய்களை வைத்துப் பார்க்கிறார். எப்போதும் ஐம்பது அறுபது இருக்கும், அதோடு ஒரு கிழட்டுக் கழுதை. முறையாகப் பதிவு செய்த அறக்கட்டளைதான், வங்கிக் கணக்கு, ஆடிட்டர் எல்லாம் உண்டு. ஆனால் போன் எடுத்தால் எல்லாரும் கேட்பது "ஹலோ, புளூ கிராஸா?" என்றுதான். அது 1959-ல் மெட்ராஸில் கேப்டன் சுந்தரம் ஆரம்பித்த அமைப்பு. தமிழ்நாட்டில் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எல்லாருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீச்சரம்மாவும் மறுப்பதில்லை, "ஆமா, சொல்லுங்க, எங்க கிடக்குது?" என்பார்.

பிரீமியம் வாங்கப் போன இடத்தில், புழு வைத்த காதோடு ஒரு நாய் கிடந்ததைப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். அப்படித்தான் மாட்டினேன்.

இசை நிகழ்ச்சிக்கு அப்புறம் நாலைந்து பேர் உட்கார்ந்து யோசித்தோம். பழைய பேப்பர் சேகரித்தோம், மாதம் ஒரு ஞாயிறு. அது இன்றுவரை ஓடுகிறது, பெரிய தொகை வராது, அதில் பாதியைக் குட்டிகளுக்குக் கீழே விரிக்கக் கொட்டகைக்கே கொடுத்துவிடுகிறோம். நவராத்திரிக்குச் சுண்டல் கடை போட்டோம், தின்றதில் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளைகள். குலுக்கல் சீட்டு அடிக்கலாம், முதல் பரிசு மிக்ஸி என்று ஒரு தம்பி உற்சாகமாகச் சொன்னான். எங்களில் ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் உண்டு, அவர் கையைத் தூக்கிவிட்டார். 2003-லேயே லாட்டரியை ஒழித்த மாநிலத்தில் காசுக்குச் சீட்டு விற்றுவிட்டு நாயைக் காப்பாற்றுகிறோம் என்று ஸ்டேஷனில் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்றார். சரி, அதுவும் போச்சு.

சிங்கப்பூர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறைய பேர் தெரியாமல் மாட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஆளுக்கு இருபதாயிரம் அனுப்புகிறேன் என்றார்கள். ஒருவர் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. இன்னொருவர் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார். ஒரே ஊர், ஒரே தெரு, பங்காளிகள், ஆனால் அவர் பணம் சட்டப்படி வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக்கூடாது. "நான் என்னய்யா வெள்ளைக்காரனா?" என்று அவர் கோபித்துக்கொண்டது இன்னும் தீரவில்லை.

தஞ்சாவூரில் பணத்தைவிடச் சுலபமாகக் கிடைப்பது நொய். அரிசி ஆலைக்காரர்களிடம் ஐந்நூறு ரூபாய் கேட்டால் முதலாளி வெளியூர் போயிருக்கிறார். ஒரு மூட்டை நொய் கேட்டால் ஆளே தூக்கி வண்டியில் போடுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கு மெல்லப் பிடிபட ஆரம்பித்தது, இந்த ஊரில் கொடுக்க மாட்டேன் என்பவர்கள் இல்லை, நாம் கேட்கிற விதம்தான் இவர்களுக்குப் பழக்கமில்லாத விதம். உண்டியல் கோயிலுக்கு. நன்கொடை ரசீது கட்சிக்காரனுக்கு. இவர்கள் மனசார, எழுந்து நின்று, பெயர் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. மொய்.

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தைத் தெரியாதவர்களுக்காக: அங்கே ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்று ஒன்று நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம், பணம் தேவைப்பட்டால் போதும். தனியாகவோ, பல பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொண்டோ பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போய் மொய் எழுத வேண்டும். நோட்டில் ஊர், பெயர், வகையறா, தொகை. அவர் வீட்டு விருந்து வரும்போது நீங்கள் அதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது நடையாகப் போட வேண்டும். வட்டியில்லாக் கடன், பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்த நோட்டுதான் எல்லாம். வீடு பற்றினால் சில வீடுகளில் நகைக்கு முன்னால் நோட்டைத் தூக்குவார்கள் என்று அப்பத்தா சொல்லும்.

நாய்களுக்கு மொய் விருந்து வைத்தால் என்ன என்று நான் கேட்டபோது எங்கள் சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சரிடா தம்பி, எழுதிப்புடலாம். நாயி எப்புடிடா திருப்பிச் செய்யும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. முதலில் கருத்தடை அறுவை சிகிச்சை என்று நினைத்தோம், எந்தத் தெருவிலும் ஜனங்கள் கேட்பது "குட்டி போடாமப் பண்ணுங்க" என்பதைத்தான். ஆனால் அதை நினைத்த இடத்தில் செய்ய முடியாது. 2001-ல் வந்த விதிகளை மாற்றி 2023-ல் புது விதிகள் வந்துவிட்டன. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் செய்யலாம், அதற்கு அறுவை அறை, கூண்டுகள், பழகிய மருத்துவர் எல்லாம் வேண்டும். டீச்சரம்மாவின் தகரக் கொட்டகைக்கு அது கட்டுப்படியாகாது. எங்களால் ஒழுங்காகச் செய்ய முடிந்தது வெறிநாய்த் தடுப்பூசி. ஆகவே நாய்கள் திருப்பிச் செய்கிற மொய் இதுதான் என்று முடிவானது: எந்தத் தெருக்காரர்கள் எழுதுகிறார்களோ அந்தத் தெருவுக்கு ஊசி போடுகிற ஆட்களோடு வந்து, அங்கிருக்கிற நாய்களுக்கு எல்லாம் போட்டுவிட்டுப் போவது. உங்கள் மொய் உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

டீச்சரம்மா மாமிசம் சாப்பிடாதவர். சாப்பிடுகிறவர்களைத் தடுப்பவரும் இல்லை, ஆனால் நாயைக் காப்பாற்ற ஆட்டை அறுக்க என் அறக்கட்டளைப் பெயரைப் போடாதே என்று கறாராகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கறி இல்லாமல் மொய் விருந்தா, அதற்குப் பேர் அன்னதானம் என்றார் ஒரு மாமா. கடைசியில் கீரமங்கலம் பக்கத்திலிருந்து பருவம் முடிகிற நேரத்துப் பலாக்காய் இரண்டு வண்டி வந்தது. பத்திரிகையில் "பலாக்காய்க் கறி விருந்து" என்று அச்சடித்தோம். பலாக்காய் என்பதைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னது நான் இல்லை, அச்சகத்துத் தம்பி.

2024 ஆடியில் ஒரு ஞாயிறு. உறவுக்காரர் ஒருவருடைய நெல் குடோன் காலியாக இருந்தது, வாடகை இல்லை. ஃபிளெக்ஸில் இந்த முறை நாய்க்குட்டி இல்லை. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். படமே இல்லாத அந்த ஃபிளெக்ஸை நின்று படித்தவர்கள் அதிகம். மைக் செட் கிடையாது. மொய் மேசையில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணும்.

முதல் மொய் எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டவர். பால் ஊற்றுகிறவர், விடியற்காலையில் சைக்கிளில் போகும்போது கெண்டைக்காலில் கடி வாங்கியிருக்கிறார். வேட்டியை லேசாகத் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டு 501 எழுதினார். "எனக்கு நாயின்னாலே ஆகாது. எங்க தெருவுக்கு மொதல்ல வாங்க" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பாதிக்கு மேல் அதே ரகம். நாயைக் கண்டால் பயப்படுகிற அம்மாக்கள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விடுகிற அப்பாக்கள், நாய்க்குச் சோறு வைப்பவரோடு வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெரியவர். அந்தச் சோறு வைப்பவரும் வந்திருந்தார், பெரியவர் 1,001 எழுதியதைப் பார்த்துவிட்டு இவர் 1,002 எழுதினார்.

இரண்டு வருடமாக நாங்கள் நாய்ப் பிரியர்களையே சுற்றிச்சுற்றி வந்திருக்கிறோம். அவர்கள் பாவம், ஏற்கெனவே பாக்கெட் காலி, தினமும் பொறை வாங்கிப் போட்டே ஓய்ந்துபோனவர்கள். பணம் இருந்தது இந்தப் பக்கத்தில். நாயின் மேல் கோபம் இருக்கிறவருக்கு ஒரு தேவை இருக்கிறது, அந்தத் தேவையும் நாயின் தேவையும் ஒரே ஊசியில் முடிகிறது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பால்காரர் வேட்டியைத் தூக்கிக் காட்டித்தான் தெரிந்தது.

மொத்தம் 183 பேர் எழுதியிருந்தார்கள். வரவு 1,14,600, செலவு 32,400. ராத்திரி குடோனில் உட்கார்ந்து நோட்டை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தோம், பலாக்காய் வாசனை கையை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ஆடிட்டர் தலையில் கை வைத்தார். "மேலத்தெரு வகையறா 501, டீக்கடை வகையறா 300... சார், வகையறாவுக்கு பான் நம்பர் இருக்கா?" நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை கேட்பவர்களுக்குப் பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் சேர்த்து வருமான வரித்துறைக்குக் கணக்குக் கொடுத்த பிறகுதான் சான்றிதழ் வரும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகையே கிடையாது. நல்லவேளை, அப்படி எழுதியவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் வரிச்சலுகை என்ற வார்த்தையையே காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் கியூஆர் கோடு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இசை நிகழ்ச்சியில் அவசரத்துக்கு என் சொந்த ஜிபே கோடை அச்சடித்து ஒட்டிவிட்டேன், பத்தொன்பது பேர் அனுப்பினார்கள், பைசா குறையாமல் அறக்கட்டளைக்கு மாற்றினேன், இருந்தும் "அவன் புது வண்டி வாங்கியிருக்கான்ல" என்று ஒரு பேச்சு கிளம்பியது. வண்டிக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து அறக்கட்டளைக் கணக்கின் கோடு மட்டும்தான், அதையும் லேமினேட் செய்து டீச்சரம்மாவே பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஊசி போட்டதைச் சொல்லவில்லையே. தெருநாய்களுக்கு வாங்குகிற மருந்து பத்து மில்லி குப்பி, நாய்க்கு ஒரு மில்லி, ஆகப் பத்து நாய். ஐஸ் பெட்டியில் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், திறந்த குப்பியை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. எனவே காலை ஆறு மணிக்கு ஒரு தெருவில் மூடியில் ஊசியைக் குத்திவிட்டீர்கள் என்றால் பத்து நாய்க்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். பால்காரர் தெருவில் முதல் ஏழு சுலபமாக முடிந்தது. சோறு வைக்கிறவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவர் கையிலிருந்து பொறையை வாங்கிக் கடிக்கிற நேரத்தில் மருத்துவர் பிடரித் தோலைத் தூக்கிக் குத்திவிட்டார், நாய் திரும்பிப் பார்ப்பதற்குள் நெற்றியில் பச்சைச் சாயம். எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் வலை போட வேண்டியிருந்தது, ஒன்று போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. அப்புறம் பத்தாவது நாய் இல்லை. ஒன்றுகூட இல்லை! வலையைப் பார்த்த மாத்திரத்தில் மாயமாகிவிட்டன. ஒரு மில்லி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் அரை மணி நேரம் நாய் தேடி அலைந்தோம், அதுவரை நாயே வேண்டாம் என்றிருந்த பால்காரர்தான் எங்களுக்கு முன்னால் "த்தோ, த்தோ" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். கடைசியில் ஒரு அக்கா தன் வீட்டுக்குள்ளிருந்து சங்கிலியோடு ஒரு கொழுத்த பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கும் போன வருஷத்தோட போட்டது, சேத்துப் போடுங்க தம்பி" என்றார். போட்டோம். 501 எழுதிய தெரு அது, கணக்குச் சரியாகப் போய்விட்டது.

சரியாகப் போகாத கணக்கும் உண்டு. மொய் எழுதிய தெருவுக்குத்தான் முதல் ஊசி என்றால், எழுதாத தெரு? மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில்தான் நாய்கள் அதிகம், கழிவு அங்கேதான் விழுகிறது. அங்கிருந்து மொய் மேசைக்கு வந்தவர்கள் மூன்று பேர். வெறிநோய் தெரு பார்த்து வராது. ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் எழுபது சதவீதத்துக்காவது ஊசி போட்டால்தான் பரவுவது நிற்கும் என்று மருத்துவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் மிச்சத் தொகையில் பாதியை எழுதாத தெருக்களுக்கு என்று ஒதுக்கினோம். உடனே சண்டை. "எங்க மொய்யை எடுத்து அவனுக்கு ஏன் செய்யிறீங்க?" என்று வீட்டு வாசலில் வந்து கேட்டார்கள். கேட்டது மொய்யின் தர்மப்படி சரிதான். நன்கொடை என்றால் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள், மொய் என்றால் மறக்கவே மாட்டார்கள், இரண்டில் ஒன்றின் வசதியை வைத்துக்கொண்டு மற்றதன் தொல்லையைத் தள்ளிவிட முடியாது. மீன் மார்க்கெட் நாய் உங்கள் தெருவுக்கு நடந்து வர ஐந்து நிமிடம் என்று சொல்லிப் பார்த்தோம். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் அடுத்த வருடம் எழுதவில்லை.

அடுத்த வருட விருந்து முடிந்த கையோடு இன்னொரு கூத்து. 2025 ஆகஸ்ட் 11 அன்று டில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு, எல்லா டிவியிலும் அதே பேச்சு. "அதான் எல்லாத்தையும் புடிச்சிட்டுப் போகப் போறாங்களே, எழுதுனதத் திருப்பிக் குடுங்க" என்று இரண்டு பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். அது டில்லிக்கு அப்பா, தஞ்சாவூருக்கு இல்லை என்றால் கேட்பாரில்லை. 22-ஆம் தேதி அதே நீதிமன்றம் மாற்றிச் சொன்னது, வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று. அந்தப் பதினோரு நாளும் நான் போனையே எடுக்கவில்லை.

பிறகு ஆவணியில் ஒரு பத்திரிகை வந்தது. அறக்கட்டளை முகவரிக்கு, மஞ்சள் தடவி, டீச்சரம்மா பெயரில். முதல் விருந்தில் 1,001 எழுதிய வீட்டில் பேத்திக்குக் காதணி விழா. கீழே பேனாவால் "மொய் நோட்டைப் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு குறிப்பு. எங்கள் ஊசி, தெரு, திருப்பிச் செய்தது எல்லாம் அவர்களைப் பொறுத்தவரை சீர்வரிசை மாதிரி, தனிக் கணக்கு. நோட்டில் இருப்பது நோட்டில்தான் திரும்ப வேண்டும். டீச்சரம்மா சிரித்தார். ஆடிட்டர் சிரிக்கவில்லை, அறக்கட்டளைப் பணத்தில் ஒரு ரூபாய்கூட மொய் வைக்க முடியாது என்று முன்கூட்டியே மெசேஜ் போட்டுவிட்டார்.

நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கு இருநூறும், மேலே ஒரு ரூபாயும் சொந்தப் பையிலிருந்து போட்டோம். புது நடைக்குக் கையில் இல்லை. கறி விருந்து, நல்ல கறி, டீச்சரம்மாவுக்குத் தனியாகத் தயிர்சாதம் வைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போனோம். எழுதுகிறவர் தலை நிமிராமல் "ஊரு?" என்றார். வல்லம் என்றேன். "பேரு?" டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் யார் பெயரைச் சொன்னாலும் அந்த வீட்டு நோட்டில் கணக்கு நேராகாது. சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினார், தலையாட்டிக்கொண்டார், எழுதினார். பக்கத்தில் மைக் வைத்திருந்த பையன் அதை அப்படியே வாசித்தான்:

"வல்லம், தெருநாய்கள் வகையறா, ஆயிரத்தொரு ரூபாய்..."